கட்டுப்பாடு வில்லியனூரில், சாவி நல்லவாட்டில்

வயர்லெஸ் நெட்வொர்க் என்றதும் பலருக்கு ஐ.டி. அலுவலகங்களும் கல்லூரி விடுதிகளும்தான் நினைவுக்கு வரும். ஆனால் அதைப் பற்றிப் படிக்க வேண்டிய முக்கியமான பாடம் ஒன்று வில்லியனூரில் இருக்கிறது!

1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி கிராமங்களில் அறிவு மையங்களைத் தொடங்கியது. கனடாவின் ஐ.டி.ஆர்.சி. அமைப்பு நிதி கொடுத்தது. வில்லியனூர்தான் தலைமை மையம். எம்பலம், கீழூர், வீராம்பட்டினம் போன்ற ஊர்களின் மையங்களுக்கு அங்கிருந்து வி.எச்.எஃப். ரேடியோ வழியாகக் குரலும் தகவலும் போயின. அடிக்கடி மின்சாரம் போகும் என்பதால் சூரிய ஒளித் தகடுகளும் வைக்கப்பட்டன. புதுச்சேரி கொம்யூன்களுக்கு இடையிடையே தமிழ்நாட்டு ஊர்கள் வரும். கம்பி இழுத்தால் எத்தனை அனுமதி வாங்க வேண்டுமோ? காற்றில் போகும் அலைக்கு அந்தக் கவலை இல்லை.

அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வரும் அலை உயர முன்னறிவிப்பை வில்லியனூரில் இறக்கி, வீராம்பட்டினத்துக்கு அனுப்புவார்கள். அங்கே அது ஒலிபெருக்கியில் தமிழில் ஒலிக்கும். மீனவர் கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய அது போதும்.

இன்று அதே வேலையை மென்பொருள் செய்கிறது. ஒரு கொம்யூனில் பள்ளி, நூலகம், பஞ்சாயத்து அலுவலகம் என்று 40 வைஃபை அக்சஸ் பாயிண்ட்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றாக ஏணி போட்டு ஏறி பாஸ்வேர்டு மாற்ற முடியுமா? கன்ட்ரோலர் மென்பொருள் இருந்தால் ஒரே திரையில் எல்லாம் தெரியும். எது வேலை செய்கிறது, எது அணைந்துவிட்டது, எதில் கூட்டம் அதிகம் என்று பார்க்கலாம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாமல் இருக்கப் பொதுவாகப் பயன்படுத்தும் சேனல்கள் 1, 6, 11. அடுத்தடுத்த கருவிகளுக்கு அவற்றைப் பிரித்துக் கொடுப்பதையும் மென்பொருளே பார்த்துக்கொள்ளும். ஆகவே மையக் கட்டுப்பாடு தேவை என்பதில் ஐயமில்லை.

ஆனால் மையத்திடம் எதைக் கொடுப்பது, எதைக் கொடுக்கக் கூடாது? இந்தக் கேள்வியைத்தான் பலரும் கேட்பதில்லை.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சிங்கப்பூரில் இருந்த நல்லவாட்டுக்காரர் ஒருவர் சுனாமிச் செய்தியை அறிந்து ஊருக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். அறிவு மையம் பூட்டியிருந்தது. ஊர்க்காரர்கள் கதவை உடைத்து உள்ளே போய் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள் என்று அப்போதைய செய்திகள் பதிவு செய்துள்ளன. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் வெளியேறி உயிர் தப்பினர். வீடுகளும் படகுகளும் போயின, உயிர்கள் மிஞ்சின.

அந்த ஒலிபெருக்கி வேலை செய்ய மையத்தின் அனுமதி தேவைப்பட்டிருந்தால்? மரக்கதவை உடைக்கலாம். பாஸ்வேர்டை உடைக்க முடியுமா?

இன்றைய கிளவுட் கன்ட்ரோலர்களில் இந்த ஆபத்து உண்டு. பயனரைச் சரிபார்க்கும் வேலை முழுவதும் தொலைவில் உள்ள சர்வரிடம் இருந்தால், இணைப்பு அறுந்ததும் கருவி எரிந்துகொண்டிருக்கும், ஆனால் யாரும் உள்ளே நுழைய முடியாது. புயல் நாளில், எது மிகவும் தேவையோ அதுவே நின்றுபோகும். இதற்குத் தீர்வு கடினமானதல்ல, அமைக்கும்போதே யோசித்தால் போதும்.

முதலாவது, மையத்துடன் தொடர்பு போனாலும் கடைசியாகச் சேமித்த அமைப்பில் கருவி தொடர்ந்து இயங்க வேண்டும். ஊருக்குள் இருக்கும் கணினிகளும் ஒலிபெருக்கியும் தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, ஒவ்வொரு ஊரிலும் ஒருவருக்காவது குறைந்த அதிகாரமுள்ள லாகின் கொடுக்க வேண்டும். கருவியை அணைத்து ஏற்றவும், அவசர அறிவிப்புப் போடவும் அது போதும். எம்பலம் மையத்தைக் கிராமத்துப் பெண்களே நடத்தினார்கள். எனவே “ஊர்க்காரர்களுக்குத் தெரியாது” என்ற சாக்கு செல்லாது.

மூன்றாவது, புதிய ஃபர்ம்வேரை எல்லாக் கருவிகளுக்கும் ஒரே இரவில் ஏற்றக் கூடாது. ஓர் ஊரில் போட்டுப் பார்த்த பிறகே மற்ற ஊர்களுக்கு. மையத்தில் ஒரு தவறான சொடுக்கு நடந்தால் வில்லியனூரும் பாகூரும் சேர்ந்தே இருண்டுவிடும் அல்லவா?

நான்காவது சின்ன விஷயம்தான். கருவிக்குப் பெயர் வைக்கும்போது பெட்டியில் உள்ள எண்ணை அப்படியே விடாமல் “பாகூர் நூலகம் 1” என்று வைக்க வேண்டும். அடாப்டர் கழன்று கிடந்தால் திரையில் சிவப்புப் புள்ளி தெரியும். ஆனால் அதை மீண்டும் செருகப் போவது ஊரில் இருக்கும் ஒருவர்தான். அவரிடம் போனில் சொல்ல ஒரு பெயர் வேண்டும்.

இப்படியெல்லாம் கொடுத்தால் பாதுகாப்பு குறையும் என்று சிலர் வாதிடலாம். அதில் நியாயம் உண்டு. பாஸ்வேர்டு வெளியே போகலாம், யாராவது அமைப்பைக் கலைத்துவிடலாம். அதனால்தான் குறைந்த அதிகாரம் மட்டும். யார் எப்போது என்ன செய்தார்கள் என்பதை மென்பொருள் பதிவு செய்துவிடும். கலைந்த அமைப்பை மையத்தில் உள்ள நகலிலிருந்து சில நிமிடங்களில் திரும்ப ஏற்றிவிடலாம். போன உயிரை அப்படி ஏற்ற முடியாது.

மேய்ப்பது மையத்தின் வேலை, பேசுவது ஊரின் உரிமை. கட்டுப்பாடு வில்லியனூரில் இருக்கட்டும். ஆனால் ஒரு சாவி நல்லவாட்டிலும் இருக்க வேண்டும். அடுத்த முறை யாரும் கதவை உடைக்க வேண்டியிருக்கக் கூடாது.