கவசத்துக்குரியார் யார்?

சென்ற மாதம் ஒருநாள் பாலபண்டித வகுப்பிலே ஆகுபெயர் கற்பித்துக்கொண்டிருந்தேன். பின்வாங்கில் இருந்த மாணவர் இருவர் மடியிலே ஒரு சித்திரக்கதைப் புத்தகத்தை வைத்துத் தமக்குள் வாதாடுவதைக் கண்டேன். புத்தகத்தை வாங்கி மேசைமேல் வைத்து, வாதம் யாதென்று வினவினேன். ஒருவன் எழுந்து, "ஐயா, அயன் மானின்ரை கவசத்தை அவன்ரை சிநேகிதன் போட்டால் அவனும் அயன் மான்தானே? இவன் இல்லையெண்டு நிக்கிறான்" என்றான். மற்றவனோ, செய்தவன் ஒருவனே அயன் மான் என்றும், ஏனையோர் இரவல் உடுத்தோர் என்றும் சாதித்தான். வகுப்புச் சிரித்தது. (இதுவும் ஆகுபெயரே.) யான் சிரித்திலேன். வினா நல்ல வினா என்று எனக்குத் தோன்றியது.

சித்திரக்கதை என்றாற் சிறுவர் காலத்தைக் கொல்லும் கருவி என்று பேசிவந்தவருள் யானும் ஒருவன். அன்று மாலை அப்புத்தகத்தை வாசித்தேன். பின்னர் அம்மாணவர் கொணர்ந்த வேறு பலவற்றையும் வாசித்தேன். வாசித்தபின் என் கருத்து முழுதும் மாறிற்று என்று சொல்லேன். ஆயினும் இவ்வொரு கதையிலே, பெரியோரும் ஆராயத்தக்க பொருளொன்று உண்டு என்பதை மறைத்தல் நேர்மையாகாது.

அறியாதார்பொருட்டுக் கதையைச் சுருக்கி உரைப்பேன். அமெரிக்காவிலே மார்வெல் என்னும் பதிப்பகத்தார் 1963ஆம் ஆண்டு மார்ச் மாதத்து இதழொன்றில் அயன் மானை, அஃதாவது இரும்பு மனிதனை, அறிமுகஞ் செய்தனர். ரொனி ஸ்ராக் என்னும் செல்வன் ஆயுதஞ் செய்து விற்பவன். வியட்நாமிலே வெடியிற் காயமுற்றுப் பகைவர் கையிற் சிறைப்படுகின்றான். மார்பிற் பாய்ந்த இரும்புச் சிதறு இதயத்தை நோக்கி நகர்கின்றது. அவன் உயிரைக் காக்கும் கருவியையும், தப்புதற்கு வேண்டிய வலிய கவசத்தையும் சிறைக்குள்ளேயே செய்கின்றான். ஆனால் தனியே செய்தானல்லன். யின்சென் என்னும் முதிய விஞ்ஞானி உடனிருந்து உழைத்தார். கவசத்திற்கு வலு ஏறும்வரை பகைவரைத் தம்பாற் திருப்பித் தம் உயிரையும் கொடுத்தார். எனவே, 'செய்தவனுக்கே உரியது' என்போர் முதற்கண் இதனை நினைத்தல் வேண்டும். முதற் கவசமே இருவர் கைப்பட்டது. அவருள் ஒருவர் அதனை ஒருநாளும் அணிந்திலர்.

ஊர் திரும்பிய ஸ்ராக், அயன் மான் தன் மெய்க்காவலன் என்று உலகுக்குச் சொல்லிவைத்தான். தானே அவன் என்பதை மறைத்தற்குச் சொன்ன பொய் அது. ஆயின், அப்பொய்யினாலே ஒரு விளைவு உண்டாயிற்று. உலகத்தார் கண்ணிலே அயன் மான் என்பது முகமில்லாத பெயராயிற்று. உள்ளே யார் நின்றாலும் வெளியே தோற்றம் ஒன்றே. கன்னனுடைய கவசம் அவனுடலோடு பிறந்தது. அதனை அவன் அறுத்துக் கொடுத்தபின், பெற்றவன் கன்னனாயினான் அல்லன். ஸ்ராக்கின் கவசமோ கழற்றவும் கொடுக்கவும் ஆவது. பெயரும் அதனோடு கூடவே சென்றது.

அங்ஙனம் அணிந்த பிறருள் ஒருவன் ஹப்பி ஹோகன் என்னும் சாரதி. 1966இலே ஸ்ராக் நோயுற்று விழுந்தபோது, தலைவனுடைய மறைவு வெளிப்படாதிருத்தற்பொருட்டு அவன் சிறிது பொழுது அணிந்து இடருற்றான். 1970இலே எடி மார்ச் என்னும் குத்துச்சண்டை வீரனை ஸ்ராக் தனக்குப் பின்னோனாகத் தெரிந்தான். அவன் தலையிலே இரத்தக் கட்டி இருந்தமையை மறைத்து ஏற்றுக்கொண்டு, போரிலே வீழ்ந்தான். இவ்விருவர் கதையும் சிறியன. பெரிய கதை ஜேம்ஸ் றோட்ஸ் என்பவனுடையது.

றோட்ஸ் கறுப்பினத்தவன், வியட்நாம் போரிலே விமானியாயிருந்து, பின் ஸ்ராக்கின் விமானத்தை ஓட்டியவன். 1983இலே, டெனி ஓ'நீல் கதை எழுதிய காலத்தில், ஸ்ராக் மீண்டும் குடிக்கு அடிமையாகின்றான். ஒபடாயா ஸ்ரேன் என்னும் வணிகப் பகைவன் அவன் கம்பனியைக் கைப்பற்றுகின்றான். செல்வத்தையும் இல்லத்தையும் இழந்த ஸ்ராக் நியூயோர்க் வீதிகளிலே கிடக்கின்றான். அக்காலத்திலே ஒருநாள் பகைவன் வந்து தாக்க, ஸ்ராக் எழுந்து நிற்கமாட்டாத நிலையிற் கிடக்க, றோட்ஸ் கவசத்தை எடுத்து அணிந்தான். ஒருநாளைக்கென்று அணிந்தது இரண்டரை ஆண்டாயிற்று. 1984இலே தொடங்கிய 'சீக்ரெற் வோர்ஸ்' என்னும் பெருங்கதையிலே பல வீரரோடு சேர்ந்து பொருத அயன் மானும் றோட்ஸே. உலகம் அறிந்திலது, தோற்றம் ஒன்றாதலின்.

இனி, யான் பெரிதும் மதிப்பது பின்வரும் பகுதியையே. கவசம் அணிந்த றோட்ஸுக்குத் தலைவலி உண்டாயிற்று. வலி மிக மிகக் கோபமும் ஐயமும் மிகுந்தன. ஸ்ராக் குடியை விட்டுத் தெளிந்து மீண்டபோது, அவன் கவசத்தைப் பறிக்க வந்தானோ என்று நண்பனையே ஐயுற்றான். தலைக்கவசம் ஸ்ராக்கின் மூளைக்கு அளவிட்டுச் செய்யப்பட்டது. அதனாலே வலி என்று முதலிற் காரணங் கூறப்பட்டது. அளவைத் திருத்தியும் நோய் தீர்ந்திலது. ஈற்றில் 1985இலே, கனடாவின் பழங்குடி மருத்துவர் ஒருவரிடஞ் சென்றான். வலிக்கு வேர் இரும்பிலே இல்லை, நெஞ்சிலே என்பது அங்கே தெளிந்தது. 'இக்கவசத்துக்கு யான் தகுதியுடையேனல்லேன்' என்று அவன் தன்னுள்ளே கொண்டிருந்த குற்றவுணர்வே அத் தலைவலி.

இவ்விடத்திலே புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். காரணம் சொல்லுகின்றேன்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பாடசாலையின் அதிபர் நோயுற்று விடுப்பிற் செல்ல, யான் ஓராண்டும் ஏழு மாதமும் பதிற்கடமை பார்த்தேன். அவ்வாண்டு மாரியிலே கூரை சரிந்தது. அயலிலே ஒரு மண்டபத்தை இரந்து பெற்று வகுப்புகளை நடத்தினோம். பரீட்சைக்கும் பிள்ளைகளை அனுப்பினோம். அக்காலம் முழுதும் அதிபருடைய கதிரையிலே யான் ஒருநாளும் இருந்திலேன். பக்கத்திலே ஒரு வாங்கு போட்டு, அதிலிருந்தே ஒப்பமிட்டேன். அடக்கம் என்று பிறர் மெச்சினர். யானும் அங்ஙனமே எண்ணி மகிழ்ந்தேன். பின்னொரு காலத்திலே அப்பாடசாலை மலரொன்று வெளியிட்டது. அதிபர் நிரையிலே என் பெயர் இல்லை. முன்னவர் பெயருக்கு எதிரே அவ்வாண்டுகளும் சேர்த்து எழுதப்பட்டிருந்தன. யான் எவரையும் கேட்டிலேன். றோட்ஸின் கதையை வாசித்தபோதுதான், கதிரையில் இராமைக்குக் காரணம் அடக்கமன்று, அச்சம் என்பது எனக்கே விளங்கிற்று. தானே இருக்கத் துணியாத கதிரைக்கு உரியவன் என்று பிறர் தன்னை எழுதவில்லையே என வருந்துதல் எவ்வாறு பொருந்தும்? ஆயினும், கூரை சரிந்த நாளிலே நின்றவன் பெயரை எழுதாது விடுதலும் முறையன்று. இரண்டும் உண்மையே.

நிற்க. மறுப்போர் கூறுவதையும் கேட்போம். 'கவசம் அணிந்தோரெல்லாம் அயன் மான் எனின், களவாடி அணிந்தவனும் அயன் மானோ?' என்பர். அல்லன். கதையே விடை தருகின்றது. ஸ்ரேன், ஸ்ராக்கின் குறிப்புகளைக் கொண்டு அவனுடையதினும் பெரிய கவசஞ் செய்து அணிந்தான். வலி இருந்தது, பெயர் வந்திலது. 1987, 1988ஆம் ஆண்டுகளிலே வந்த 'ஆர்மர் வோர்ஸ்' கதையிலே, தன் நுட்பம் களவுபோய்ப் பலர் கவசங்களிலே புகுந்திருப்பதை ஸ்ராக் அறிகின்றான். அறிந்து, தேடித் தேடி அழிக்கின்றான். அவ்வெகுளியிலே, சட்டப்படி காவல் செய்தோரையும் அடித்து வீழ்த்துகின்றான். அப்போது கவசமும் அவனதே, உடலும் அவனதே. ஆயினும் அப்பெயருக்குரிய செயல் அவனிடத்து இல்லை. குடித்துக் கிடந்த காலத்திலும் அத்தன்மையே. எனவே, கவசம் மட்டும் பெயரைத் தருவதன்று. செய்தமை மட்டும் தருவதுமன்று.

கதையாசிரியர்மீதும் பதிப்பகத்தார்மீதும் எனக்கு ஒரு குறையுண்டு. 1985 நவம்பரிலே வெளிவந்த 200ஆம் இதழிலே ஸ்ராக் புதிய கவசத்தோடு மீண்டு ஸ்ரேனை எதிர்த்தான். அது தகும், வீழ்ந்தவன் எழுந்தான். ஆனால் 1992இலே நிகழ்ந்ததை நோக்குக. ஸ்ராக் இறந்தான் என்று எல்லாரும் நம்ப, றோட்ஸ் மறுபடியும் கவசத்தையும் கம்பனியையும் தோளில் ஏற்றான். பின்னர் ஸ்ராக் இறக்கவில்லை என்றும், உறைநிலையிலே நோய் தீர்த்துக்கொண்டிருந்தான் என்றும், நண்பனுக்கும் அதனைச் சொல்லவில்லை என்றும் வெளிப்பட்டது. றோட்ஸ் நட்பை முறித்துப் போனான். அவன் கோபம் நியாயமான கோபம். அவனுக்குத் தனிக் கவசமும் 'வோர் மெசின்' என்னும் தனிப் பெயரும் கிடைத்தன. தனிப் பெயர் பெருமைதான். எனினும் பழைய பெயரை அவனிடமிருந்து நயமாக வாங்கிக்கொண்டதும் அதனாலேயே. முதல்வன் நோயுற்றாற் பின்னவனை அழைப்பதும், அவன் எழுந்தாற் பின்னவனை விலக்குவதும் பதிப்பகத்தார்க்கு வழக்கமாயிற்று. விற்பனை முதல்வன் முகத்திலே தங்கியிருத்தலே காரணம். 2002இலே கதையிலும், 2008இலே திரைப்படத்திலும் ஸ்ராக் தானே அயன் மான் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டான். உண்மை சொன்னது நன்றே. ஆயின், அன்றுமுதல் முகமில்லாத பெயருக்கு ஒரு முகம் ஒட்டிக்கொண்டது. பிறர் அதனை ஏற்பது முன்னையினும் அரிதாயிற்று.

2016இலே ஒரு புதுமை நிகழ்ந்தது. ஸ்ராக் உணர்வற்றுக் கிடந்த காலத்திலே இருவர் வந்தனர். ஒருவன் டூம் என்னும் பழைய கொடுங்கோலன்; தன் தீவினைக்குக் கழுவாய் தேடுவான்போல அயன் மான் கோலம் பூண்டான். மற்றையவள் ரிரி வில்லியம்ஸ் என்னும் பதினைந்து வயதுச் சிறுமி. சிக்காகோவிலே துப்பாக்கிச் சூட்டிலே மாற்றாந்தந்தையையும் உயிர்த்தோழியையும் இழந்தவள். மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்திலே கற்கும்போதே தன் அறையில் தனக்கொரு கவசஞ் செய்தவள். றோட்ஸுக்குப் பிறன் அளவிலே செய்த தலைக்கவசம் கிடைத்தது. இவளோ தன் அளவிலே செய்துகொண்டாள். பெயரையும் அவ்வாறே, இரும்பிதயம் எனப் பொருள்படும் 'அயன்ஹார்ட்' என்று வேறாகக் கொண்டாள். முன்னோனை வணங்கியும் அவன் நிழலிற் குறுகாமலும் நின்ற நிலை இது. 2022இலே திரைப்படத்திலும் 2025இலே தொலைக்காட்சித் தொடரிலும் அவள் வந்தாள் என்று என் மாணவர் கூறினர். பின்னோர்க்கு இதுவே நல்வழி என்று யான் கருதுகின்றேன்.

மறுவாரம் வகுப்பிலே அவ்விருவரையும் எழுப்பினேன். 'செய்தவனுக்கே பெயர்' என்பவன், அயன் மான் என்பதை ஸ்ராக்கின் இயற்பெயர்போலக் கொள்கின்றான். 'அணிந்தவனுக்கெல்லாம் பெயர்' என்பவன், கழலின் பெயர் காலுக்கு ஆகிவருவதுபோல, கவசத்தின் பெயர் அணிந்தானுக்கு ஆகிவரும் தானியாகுபெயராகக் கொள்கின்றான். இருவரும் பாதி சரி. என் துணிபு வேறு. அயன் மான் என்பது வினையாலணையும் பெயரின் இயல்புடையது. 'காத்தவன்' என்பது எவனுக்குப் பெயர்? எவன் காத்தானோ அவனுக்கு. வினையைச் செய்தான் எவனோ அவனை அப்பெயர் அணையும். வினை நீங்கின் தானும் நீங்கும். இன்னொன்று: வினையாலணையும் பெயர் காலங் காட்டும். காத்தவன், காக்கின்றவன், காப்பவள் என மூன்று காலத்துக்கும், இருபாலார்க்கும் அஃது இடந்தரும். ஒருவர்க்கு வருதலால் மற்றவர்க்கு இல்லாமற் போவதன்று.

"அப்ப றோட்ஸும் அயன் மான்தான், ஐயா?" என்றான் முதல் மாணவன்.

"அந்த இரண்டரை ஆண்டும் அவனே" என்றேன். "ஸ்ராக்கின் பெயருக்குக் கீழே அதைச் சேர்த்து எழுதாதே."

புத்தகத்தை அவர்களிடமே திருப்பிக் கொடுத்தேன். இன்றும் எத்தனையோ நிலையங்களிலே பதிற்கடமை பார்ப்போர் பலர் உளர். அவர்க்கு யான் சொல்லத்தக்கது ஒன்று: கதிரையில் இருந்து செய்க. நிரை எழுதுவோர்க்குச் சொல்லத்தக்கதும் ஒன்று: நின்றவன் பெயரை எழுதுக.