கேரவன் வண்டியும் மின்கலக் கணக்கும்

வீடுபோல் அமைந்த மோட்டார் வண்டிகளில் சுற்றுலாப் பயணிகளைத் தங்கவைக்கும் 'கேரவன் கேரளா' திட்டத்தைக் கேரள அரசு 2021ஆம் ஆண்டில் அறிவித்தது. முதல் கேரவன் பூங்கா 2022இல் வாகமணில் திறக்கப்பட்டது. இத்தகைய வண்டியில் படுக்கை, சிறு சமையலறை, குளிர்பதனப் பெட்டி, மைக்ரோவேவ் அடுப்பு, குளிர்சாதனக் கருவி, கழிப்பறை முதலியன இருத்தல் வேண்டும் என்பது திட்டத்தின் நிபந்தனை. மலைச்சரிவுகளில் கட்டடங்கள் எழுப்பாமலே விருந்தினரை ஏற்கும் இம்முயற்சி வரவேற்கத்தக்கதேயாகும்.

பூங்காவில் மின் இணைப்பு உள்ளவரை இவ்வசதிகளால் தொல்லை எதுவும் இல்லை. இணைப்பில்லாத ஓரிடத்தில் வண்டி இரவைக் கழிக்க நேரும்போதுதான் உண்மையான கேள்வி எழுகிறது. வசதிகளின் பட்டியலை வகுப்பதோடு நின்றுவிடாமல், அவற்றை இயக்கும் மின்சாரத்தின் கணக்கையும் ஒவ்வொரு வண்டியிலும் கட்டாயமாக்க வேண்டும்.

12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள ஈய-அமில மின்கலம் ஒன்றை எடுத்துக்கொள்வோர், அதில் 1,200 வாட்-மணி மின்சாரம் இருப்பதாகக் கருதுவர். ஆனால் பாதிக்குமேல் அடிக்கடி வடிக்கப்பட்டால் அம்மின்கலத்தின் ஆயுள் விரைவில் குன்றிவிடும். எனவே செலவுக்கு உரியது 600 வாட்-மணியே.

நால்வர் அடங்கிய குடும்பம் ஒன்று அதைக்கொண்டு ஓரிரவைக் கழிக்க இயலும். 5 வாட் விளக்குகள் நான்கு, ஐந்து மணி நேரம் எரிந்தால் 100 வாட்-மணி. 25 வாட் விசிறிகள் இரண்டு, எட்டு மணி நேரம் சுழன்றால் 400. நான்கு கைபேசிகளுக்கு 60. தண்ணீர் இறைக்கும் சிறு பம்புக்கு 20. ஆகமொத்தம் 580 வாட்-மணி.

குளிர்சாதனக் கருவியைச் சேர்த்தால் கணக்கு தலைகீழாகிறது. இயங்கும்போது 1,000 வாட் இழுக்கும் கருவி பாதி நேரம் ஓய்ந்திருந்தாலும், எட்டு மணி நேரத்தில் 4,000 வாட்-மணியை, அதாவது 4 யூனிட்டை விழுங்கிவிடும். மேற்கூறிய மின்கலங்கள் ஏழு இருந்தாலன்றி அது இயலாது. ஆழமாக வடிக்கத்தக்க லித்தியம் மின்கலங்களைப் பொருத்தினால் எண்ணிக்கை குறையுமே தவிர, செலவாகும் யூனிட் குறைவதில்லை.

இந்த இடத்தில்தான் ஆபத்து நுழைகிறது. மின்கலம் தாங்காதபோது ஜெனரேட்டரை இரவு முழுவதும் ஓடவிட்டு உறங்கும் வழக்கம் உண்டு. 2024 டிசம்பரில் கோழிக்கோடு மாவட்டத்து வடகரையில், சாலையோரம் நிறுத்தப்பட்டிருந்த கேரவன் ஒன்றினுள் இருவர் இறந்துகிடந்தனர். ஜெனரேட்டர் வெளியிட்ட கார்பன் மோனாக்சைடு வண்டியினுள் புகுந்ததே காரணமென்று வல்லுநர் குழு கண்டறிந்தது. நிறமும் மணமும் அற்ற அவ்வாயு, குருதி பிராணவாயுவைச் சுமந்து செல்வதைத் தடுத்துவிடுகிறது. உறங்குபவருக்கு அதன் வருகை தெரிவதேயில்லை. மின்சாரக் கணக்கு வெறும் சிக்கனம் பற்றியதன்று, உயிரைப் பற்றியது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

சூரிய ஒளித் தகடு இக்குறையைத் தீர்த்துவிடும் என்று சிலர் எண்ணக்கூடும். அதற்கும் வரம்பு உண்டு. திருவனந்தபுரம் நிலநடுக்கோட்டிற்கு அண்மையில் இருப்பதால், கூரைமேல் சாய்வின்றிப் பதித்த தகடும் நன்கு பயன்தரும். 200 வாட் தகடு தெளிந்த நாளில், இழப்புகள் போக, ஏறத்தாழ 700 வாட்-மணி ஈட்டும். மேற்கண்ட குடும்பச் செலவுக்கு அது போதும். இடவப்பாதி மழையில் வருவாய் பாதியாகி 350க்கு இறங்கினால், இரண்டாம் இரவில் 370 வாட்-மணியே கைவசம் இருக்கும். அப்பொழுது ஒரு விசிறியையும் சில விளக்குகளையும் நிறுத்தியாக வேண்டும். தென்னை நிழல் தகட்டின் ஒரு மூலையில் விழுந்தாலும் வருவாய் பெரிதும் சரியும் என்பதையும் ஓட்டுநர் அறிந்திருத்தல் நலம்.

இடத்திற்கேற்ப வசதியைத் தேர்ந்தெடுப்பதே அறிவுடைமை. திருவனந்தபுரத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில், 1,100 மீட்டர் உயரத்திலுள்ள பொன்முடி போன்ற மலையிடங்களில் இரவுக் காற்றே குளிர்ச்சி தரும். அங்குக் குளிர்சாதனக் கருவியைத் தவிர்ப்பது துன்பமாகாது. கடற்கரையின் புழுக்கத்தில் அக்கருவி அவசியமெனில், மின் இணைப்புள்ள பூங்காவிலேயே வண்டியை நிறுத்த வேண்டும்.

ஆகவே மூன்று ஏற்பாடுகள் உடனடியாகத் தேவை. மின்கலத்தின் இருப்பைக் காட்டும் அளவுமானி ஒவ்வொரு வண்டியிலும் இருக்கட்டும். கார்பன் மோனாக்சைடை உணர்ந்து ஒலிக்கும் எச்சரிக்கைக் கருவியின்றி எந்த வண்டிக்கும் அனுமதி வழங்கலாகாது. வரவும் செலவும் எழுதிய மின்கணக்கு அட்டை ஒன்று கதவருகே தொங்கட்டும். சூரிய மின்சாரத்தைப் பரப்பும் பணியில் 1986 முதல் ஈடுபட்டுள்ள திருவனந்தபுரத்து அனெர்ட் நிறுவனம் அவ்வட்டையின் மாதிரியை வகுத்துத் தருமாயின் பேருதவியாக இருக்கும்.

இக்கணக்கு சுற்றுலாப் பயணிகளுக்கு மட்டும் உரியதன்று. நடமாடும் மருத்துவ வண்டியிலும் ஆய்வு முகாமிலும் பணிபுரியும் களப்பணியாளர் ஒவ்வொருவருக்கும் இது பயன்படும். பெருக்கலும் கூட்டலும் கற்ற எட்டாம் வகுப்பு மாணவனால் இதைப் போட்டுவிட முடியும். பள்ளி முகாமுக்குப் புறப்படுமுன் ஆசிரியர் இவ்வட்டையைக் கரும்பலகையில் எழுதி, மாணவர்களைக்கொண்டே நிரப்பச் செய்வாராயின், பாடநூலில் உயிரற்றுக் கிடக்கும் வாட்டும் ஆம்பியரும் அவர்கள் உள்ளத்தில் வேரூன்றும். தொட்டியிலுள்ள நீரை அளந்து செலவிடத் தெரிந்த மக்களுக்கு, மின்கலத்தை அளந்து செலவிடுவதும் கைவராத கலையன்று.