எது மணற்குழி?

இலக்கியம் பேசும் இடத்தில் கோல்ஃப் எதற்கு என்று கேட்கும் அன்பர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். நாம் அந்த மட்டையைக் கையால் தொட்டவர் அல்லோம். தொலைக்காட்சியில் கண்டும் படித்தும் அறிந்ததே எல்லாம். ஆயினும் ஒரு சொல்லுக்குப் பொருள் எங்கிருந்து வருகிறது, அதைத் தீர்மானிக்கும் உரிமை எவருக்குண்டு என்னும் வினா ஓர் ஏரிக்கரை மைதானத்தில் எழுந்தபோது, அதை விளையாட்டுப் பக்கத்தோடு விட்டுவிட மனம் ஒப்பவில்லை.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மிச்சிகன் ஏரியின் மேற்குக் கரையில் இருக்கிறது விஸ்லிங் ஸ்ட்ரெய்ட்ஸ். 1998இல் திறக்கப்பட்டது. குளியலறைச் சாதனங்கள் செய்து பொருளீட்டிய கோலர் நிறுவனத்தின் உல்லாச விடுதியைச் சேர்ந்த மைதானம் இது. (விடுதியின் கதையே தனி. அந்நிறுவனத்தில் வேலை செய்ய அயல்நாடுகளிலிருந்து வந்த தொழிலாளர்கள் தங்குவதற்காக 1918இல் எழுப்பிய கட்டடம், பின்னாளில் செல்வந்தர் தங்கும் ஓட்டலாயிற்று. நம் சிறுகதையாளர் எவரேனும் கவனிக்கலாம்.) மைதானம் அமைந்த நிலம் முன்பு இராணுவத்தின் விமான எதிர்ப்புப் பீரங்கிப் பயிற்சிக்குப் பயன்பட்ட தட்டைவெளி. வடிவமைப்பாளர் பீட் டை அங்கே ஆயிரக்கணக்கான லாரி மணலைக் கொட்டி, அயர்லாந்துக் கடற்கரையின் மணல்மேடுகளைப் போல் ஒரு நிலத்தையே படைத்தார். 'செய்குன்று' என்று நம் பழந்தமிழில் ஒரு சொல் உண்டு. அதற்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிட்டுவது அரிது. காட்சி முழுமை பெறுவதற்காக ஸ்காட்லாந்து இனத்துச் செம்மறியாடுகளையும் மேயவிட்டிருக்கிறார்கள்.

ஆடுவதற்கு மிகக் கடினமான இடம் என்பதில் கருத்து வேறுபாடில்லை. வண்டியில் ஏறிச் செல்ல இயலாது. கேடி உடன்வர, மேடும் பள்ளமுமாக நடந்தே பதினெட்டுக் குழிகளையும் முடிக்க வேண்டும். ஏரிக்காற்று எந்நேரமும் பந்தை இழுத்துக்கொண்டு போகும். பதினேழாம் குழியில் பச்சைத் தரையின் இடப்புறம் ஏரியை நோக்கிச் சரிகிறது. ஒரே அடியில் 220 கெஜத்துக்கும் மேலாகப் பந்தை அனுப்பி அங்கே நிறுத்த வேண்டும். நரம்புப் பிடிப்பு என்று பொருள்படும் பெயரை அதற்கு இட்டிருக்கிறார்கள். பதினெட்டாம் குழியின் பெயரோ சிலேடை: 'டை' என்னும் அவர் பெயரையும் பேய்த்தனத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் ஒன்றாக்கியது. இவற்றுக்கு மேல், பங்கர் எனப்படும் மணற்குழிகள் ஏறத்தாழ ஆயிரம். ஒரு மைதானத்துக்கு நூறு இருந்தாலே மிகுதி என்பர். எவருடைய பந்தும் சென்று விழ வாய்ப்பில்லாத இடங்களிலும் கண்ணுக்கு அழகாகத் தோண்டி வைத்தவை பல.

2010 ஆகஸ்டில் இங்கே பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப் நடந்தது. இறுதி நாளின் இறுதிக் குழிக்கு டஸ்டின் ஜான்சன் ஓர் அடி முன்னிலையில் வந்தார். அவர் அடித்த பந்து வலப்புறம் விலகி, பார்வையாளர் கூட்டம் நின்று மிதித்திருந்த மணல் கலந்த திட்டில் விழுந்தது. கூட்டத்தை விலக்கி வழி செய்தார்கள். அவர் மட்டையின் தலையைப் பந்துக்குப் பின்னே தரையில் ஊன்றினார், அடித்தார். பிறகு வெற்றி தரவேண்டிய கடைசி உருட்டலைத் தவறவிட்டு ஐந்தில் முடித்தார். அப்போதும் மூவர் மோதும் பிளேஆஃபுக்கு உரியவராகவே தம்மை எண்ணியிருந்தார். ஆனால் அவர் நின்ற இடம் பங்கர் என்றும், பங்கரில் அடிக்குமுன் மட்டையைத் தரையில் ஊன்றலாகாது என்றும் சொல்லி இரண்டு தண்ட அடிகள் விதித்தார்கள். ஐந்து ஏழாயிற்று. அவர் ஐந்தாம் இடத்துக்கு இறங்கினார். பப்பா வாட்சனை வென்று மார்ட்டின் கைமர் கோப்பை பெற்றார்.

விதித்தாளைப் படிக்காதவர் தண்டனை பெற்றார் என்பதே அன்று முதல் பலர் சொல்லும் தீர்ப்பு. கயிற்றுக்கு அப்பால் இருந்தாலும், காலடியும் சக்கரத் தடமும் பட்டிருந்தாலும், எல்லாப் பங்கரும் பங்கரே என்று ஆட்டக்காரர்களுக்கு எழுதி ஒட்டியிருந்தது உண்மை. 2004இல் இதே மைதானத்தில் ஸ்டூவர்ட் ஆப்பிள்பி இதே வகைப் பிழைக்கு நான்கு அடிகள் இழந்ததும் உண்மை. எழுதப்பட்ட விதியை அலுவலர்கள் வேறு விதமாகத் தீர்த்திருக்கவும் முடியாது. மிதிபட்ட குழியை எல்லாம் விலக்கினால் எவ்வளவு மிதிபட்டது என்று ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டிவரும்.

ஆனால் அந்தத் தாளே ஒரு வாக்குமூலம் அன்றோ? கண்டால் தெரியும் பொருளுக்கு அறிவிப்பு எதற்கு? உடன் நடந்த அலுவலரைக் கேட்டிருக்கலாமே என்பாரும் உண்டு. ஐயம் எழுந்தால்தானே கேட்பது? நிலத்தைத் திணைகளாகப் பகுத்த மரபில் வந்தவர் நாம். மரமும் மாவும் நீரும் தொழிலும் கண்டு இன்ன நிலம் என்று அறிகிறோம். வெம்மையால் இயல்பு திரிந்த நிலத்துக்குப் பாலை என்று வேறு பெயரே தருகிறோம். விஸ்லிங் ஸ்ட்ரெய்ட்ஸில் ஆயிரக்கணக்கானோர் கால்பட்டு இயல்பு திரிந்த இடத்துக்குப் பழைய பெயரே நிலைத்தது. கூட்டத்தை அங்கே நிற்கவிட்டவர்கள் போட்டியை நடத்தியவர்கள். அதன் விலையைக் கொடுத்தவர் ஆட்டக்காரர். அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டால் மாணவனுக்குச் சொல்லியாயிற்று என்று கருதும் கல்லூரி அலுவலகங்களை அறிந்தவர்களுக்கு இந்த நியாயம் புதிதல்ல.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. 2012இல் அதே போட்டி தென் கரோலினாவின் கியாவா தீவில் நடந்தது. அதுவும் பீட் டை வடிவமைத்த மைதானம், எங்கும் மணல். அங்கே அதே சங்கம் எந்த மணற்பரப்பும் பங்கராகக் கருதப்படாது என்று அறிவித்தது. மட்டையை ஊன்ற எவருக்கும் தடையில்லை. இரண்டே ஆண்டு இடைவெளி. ஆக, எது மணற்குழி என்பது மணலின் இயல்பால் அமைந்ததன்று, நடத்துவோர் விரும்பியபடி அமைந்தது. விரும்பியபடி பெயரிடும் உரிமை உடையவருக்கு, அப்பெயர் களத்திலேயே கண்ணில் படும்படி செய்யும் கடமையும் உண்டு என்பதே நம் கருத்து. அந்தத் திட்டைச் சுற்றி ஒரு கயிறு கட்டியிருந்தால் போதும்.

2019இல் கோல்ஃப் விதிகள் பெரிதும் திருத்தப்பட்டன. பங்கரில் கிடக்கும் சருகையும் கல்லையும் அகற்றலாம் என்றாயிற்று. பந்தை ஒட்டி மட்டையை ஊன்றுவது மட்டும் இன்றும் குற்றமே. ஜான்சன் 2016இல் யு.எஸ். ஓப்பனை வென்றார். 2021 செப்டம்பரில் ரைடர் கோப்பைக்காக மீண்டும் அதே ஏரிக்கரைக்கு வந்து, ஆடிய ஐந்து ஆட்டங்களிலும் வென்றார். அமெரிக்க அணி 19-9 என்று ஐரோப்பாவை வீழ்த்தியது.