இரு கடிகாரங்கள்



சென்ற சாரல் காலத்தில் ஒரு தாய் நம்மைத் தேடி வந்தார். மகனின் நினைவுத் திருப்பலிக்கு நாள் குறிக்க வேண்டும். நாம் வழங்கிய அடக்கச் சான்றிதழைக் காட்டி, "சாமி, வெள்ளிக்கிழமைலா அடக்கம் பண்ணுனோம்? இதுல சனின்னு போட்டிருக்கியளே!" என்றார். பழைய பதிவேட்டைப் புரட்டினோம். அத்தாய் கூறியதே சரி.

தவறு எங்கே நேர்ந்தது? அலுவலகக் கணினியில் விண்டோஸ், லினக்ஸ் என இரு இயங்குதளங்கள் உள்ளன. மின்சாரம் அற்ற வேளையிலும் ஓடும்படி, சிறு பொத்தான் மின்கலத்தால் இயங்கும் கடிகாரம் ஒன்று அதனுள்ளே இருக்கிறது. அது காட்டுவது எந்த ஊர் நேரம் என்பதை அது சொல்வதில்லை. விண்டோஸ் அதை உள்ளூர் நேரமாகவே கொள்கிறது. லினக்ஸோ பெரும்பாலும் அதை உலகப் பொது நேரமாகக் கருதி, ஐந்தரை மணியைக் கூட்டிவிடுகிறது. வெள்ளி இரவு 8 மணி, சனி அதிகாலை 1.30 ஆயிற்று! இணையம் இருந்திருப்பின் பிழை திருந்தியிருக்கும். குற்றாலத்துக் காற்றிலும் மழையிலும் அன்று அதுவும் இல்லை.

பங்கு இளைஞர் ஒருவருடன் சோதித்தோம். இணையத்தைத் துண்டித்து, சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, இரு இயங்குதளங்களையும் மாறி மாறித் தொடங்கினோம். மூன்று முறையும் வேறுபாடு சரியாக ஐந்தரை மணியே. மின்கலம் நலிந்திருந்தால் வேறுபாடு இவ்வாறு ஒரே அளவாய் இராது. பின்னர், லினக்ஸும் அக்கடிகாரத்தை உள்ளூர் நேரமாகக் கொள்ளுமாறு அமைத்து மீண்டும் சோதித்தோம், இரண்டும் ஒத்தன. கோடைதோறும் கடிகாரத்தை மாற்றும் நாடுகளில் இம்முறை தொல்லை தரும். நம் நாட்டில் அவ்வழக்கம் இல்லை.

நேரம் என்பதே ஓர் உடன்பாடுதானே! 1906 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்தியப் பொது நேரம் 82.5 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையைச் சார்ந்தது. அதற்கு முன் இரயில்கள் சென்னை நேரத்தைப் பின்பற்றி வந்தன. தென்காசியோ ஏறத்தாழ 77.3 பாகையில் உள்ளது. ஆதலால் இங்கே கதிரவன் உச்சிக்கு வருவது சராசரியாக 12.21 மணிக்கே. கதிரவனும் பொய் சொல்லவில்லை. கடிகாரமும் பொய் சொல்லவில்லை. எதை எதனோடு ஒப்பிடுகிறோம் என்று அறியாதபோதே பிழை பிறக்கிறது.

திருத்திய சான்றிதழை அத்தாயிடம் தந்து மன்னிப்புக் கேட்டோம். இப்போது ஒவ்வொரு பதிவின்போதும் இயந்திரம் இடும் தேதியைச் சுவர் நாட்காட்டியோடு ஒப்பிட்ட பின்னரே கையொப்பமிடுகிறோம். உங்கள் இல்லத்துச் சான்றிதழ்களையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். இயந்திரம் எழுதிய நாளை, நிகழ்ச்சியை நேரில் கண்டவர் சரிபார்ப்பதே முறை.