ஒரே நாளில் ஏழு இடம்

கோடை விடுமுறையோ பொங்கல் விடுமுறையோ நெருங்கினால் நம்மூர் வீடுகளில் ஒரு லிஸ்ட் தயாராகிவிடுகிறது. சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கும் பிள்ளைகள் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவார்கள். காலை 5 மணிக்கு வேன். அதியமான்கோட்டை காலபைரவர், அதியமான் கோட்டம், தருமபுரி கோட்டைக் கோயில், ஒகேனக்கல், மேட்டூர் அணை, தீர்த்தமலை, நேரமிருந்தால் கிருஷ்ணகிரி அணை. இரவு 10 மணிக்கு வீடு.

இந்த லிஸ்டை நான் எதிர்க்கிறேன். வீட்டில் சொன்னால் "தாத்தாவுக்கு வேற வேலையில்ல" என்று சிரித்துவிட்டுப் போகிறார்கள். இங்கே எழுதினால் என் வயதுக்காரர்கள் நாலு பேராவது படிப்பீர்கள்.

முதலில் தூரத்தைப் பாருங்கள். தருமபுரியிலிருந்து ஒகேனக்கல் மேற்கே சுமார் 46 கிலோமீட்டர். தீர்த்தமலை அதற்கு நேர் எதிர்த் திசையில், அரூரையும் தாண்டி. மேட்டூர் தெற்கே ஒரு மூலை, கிருஷ்ணகிரி வடக்கே. எல்லாம் சேர்த்தால் 300 கிலோமீட்டருக்குக் குறையாது. நம் சாலைகளில் அது ஏழெட்டு மணி நேர ஓட்டம். சாப்பாட்டுக்கும் டீக்கும் ஒதுக்கியது போக, ஒவ்வொரு இடத்திலும் இறங்கி, செருப்பைக் கழற்றி, போட்டோ எடுத்து, ஏற மட்டுமே நேரம் மிஞ்சும். மத்தியானம் நடை சாத்துகிற கோயில்களைப் பூட்டிய கதவோடு கும்பிட்டு வருவதும் உண்டு.

இத்தனைக்கும் ஓட்டுகிறவர் ஒரே டிரைவர். வண்டியைக் கழுவிக் கொண்டுவர அவர் விடிகாலை 3 மணிக்கே எழுந்திருப்பார். இரவு உறவினரைச் சேலத்தில் இறக்கிவிடச் சொல்லி, அதே ஆளைத் தொப்பூர் கணவாயில் இறங்க வைக்கிறோம். தொப்பூரைப் பற்றி இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பின்சீட்டில் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருக்கும். டிரைவருக்கும் தூக்கம் வரும் என்பதை அந்த லிஸ்டைப் போட்டவர் நினைத்தாரா?

அடுத்து நம்மைப் போன்றவர்கள். மூட்டுவலியும் சர்க்கரையும் உள்ள 70 வயது ஆளுக்கு ஒரு நாளில் ஏழு முறை வேனில் ஏறி இறங்குவது எத்தனை வேதனை என்று ஏறிப் பார்த்தால்தான் தெரியும். பெண்கள் பாடு இன்னும் மோசம். வழியில் நல்ல கழிப்பறை கிடைக்காது என்று காலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டார்கள். மூன்றாவது இடம் வரும்போது, "நீங்க போய்ட்டு வாங்க, நான் வண்டியிலேயே இருக்கேன்" என்று பாட்டி சொல்லிவிடுவாள். பூட்டிய வேனில், வெயிலில், எல்லோருடைய செருப்புக்கும் பைக்கும் காவல். ராத்திரி குழுவில் வரும் நூறு போட்டோவில் அவள் ஒன்றிலும் இருக்க மாட்டாள்.

ஒகேனக்கல்லையே எடுத்துக்கொள்வோம். லிஸ்டில் அதற்கு ஒன்றரை மணி நேரம். ஞாயிற்றுக்கிழமையில் பரிசல் வரிசைக்கே அது போதாது. அங்கே எண்ணெய் தேய்த்துவிடுகிறவரிடம் உட்கார்ந்தால் அவர் கைக்கு நேரம் கொடுக்க வேண்டும். எண்ணெய் ஊறி, அருவியில் நின்று, சீயக்காய் போட்டு வரும்போது பசிக்கிற பசி வேறு பசி. மீனை நாமே பார்த்து வாங்கி, அங்கே அடுப்பு வைத்திருக்கும் அம்மாக்களிடம் கொடுத்தால் மசாலா அரைத்துக் குழம்பு வைத்து, பொரித்தும் கொடுப்பார்கள். அதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். லிஸ்ட்காரர்களால் காத்திருக்க முடியாது. கட்டிவந்த புளிசாதத்தை வேனில் தின்றுகொண்டே பென்னாகரம் மலைப்பாதை ஏறிவிடுவார்கள்.

பரிசல் போகும் அந்தப் பாறைகள் கார்பனடைட் என்ற அபூர்வ வகையைச் சேர்ந்தவை. வயது சுமார் 240 கோடி ஆண்டு என்கிறார்கள் நில ஆய்வாளர்கள். பேரனுக்கு அதைச் சொல்லலாம். நம் வீட்டுக் குழாயில் வருகிற தண்ணீர் இந்த ஆற்றிலிருந்துதான் வருகிறது என்பதையும் சொல்லலாம். 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் வரும்வரை புளோரைடு கலந்த நிலத்தடி நீரைக் குடித்துப் பல் கறுத்தவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். எதற்கும் உட்கார்ந்து பேச அரை மணி வேண்டும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. பிலிகுண்டுலுவில் நீர்வரத்து கூடினால் பரிசலை நிறுத்துவார்கள், குளிக்கவும் தடை போடுவார்கள். நிதானமாக வந்தவன் கரையில் நின்று வெள்ளத்தைப் பார்த்துவிட்டு, மறுமுறை வரலாம் என்று திரும்புவான். லிஸ்டோடு வந்தவனுக்கு அது நஷ்டக் கணக்கு. "இவ்வளவு தூரம் வந்துட்டு சும்மா போறதா?" என்று தடுப்பைத் தாண்டி, ஆளில்லாத இடமாகப் பார்த்து இறங்குவான். காவிரி ஆண்டுதோறும் இப்படிச் சிலரை வாங்கிக்கொள்கிறது.

இத்தனை ஓட்டத்திலும் விட்டுப்போவது எவை என்று பாருங்கள். பென்னாகரம் சாலையிலிருந்து சற்று விலகினால் பாப்பாரப்பட்டி. சுப்பிரமணிய சிவா 1925 ஜூலை 23-ல் அங்கேதான் இறந்தார். வயது 40. 1908-ல் வ.உ.சி.யோடு தண்டிக்கப்பட்டு, சிறையிலிருந்து தொழுநோயோடு வெளியே வந்தவர். ரயிலில் ஏறக்கூடாது என்று வெள்ளைக்காரன் தடுத்ததால் ஊர் ஊராக நடந்தே போய்ப் பேசினார். பாரத மாதாவுக்குக் கோயில் கட்ட அங்கே இடம் வாங்கி, 1923-ல் சித்தரஞ்சன் தாஸை அழைத்து அடிக்கல் நாட்டினார். அவ்வளவு நடந்த மனிதருக்கு, ஏசி வேனில் போகிற நாம் 20 நிமிடம் கொடுப்பதில்லை.

தருமபுரி ஊருக்குள்ளேயே தொல்லியல் துறை அகழ்வைப்பகம் இருக்கிறது. மாட்டை மீட்கப் போய் மாண்டவர்களின் நடுகற்கள், வட்டெழுத்தில் அவர்களைப் பற்றிய சேதியோடு நிற்கின்றன. அதியமான் இறந்தபின் அவனுக்கு நட்ட நடுகல்லைப் பற்றி ஔவையார் பாடியது புறநானூற்றில் இருக்கிறது. கோட்டத்தில் சிமெண்ட் சிலைக்குப் பக்கத்தில் நின்று செல்பி எடுக்கும் பிள்ளைகளுக்கு நடுகல் எப்படி இருக்கும் என்று காட்ட இதைவிட நல்ல இடம் எது? கோட்டைக் கோயிலில்கூட தொங்கும் தூணின் அடியில் காகிதத்தை விட்டு எடுப்பதோடு சரி. காமாட்சி அம்மன் சன்னதியின் அடிப்பகுதியில் ராமாயணம் சிற்பமாக ஓடுகிறது. குனிந்து பார்க்க ஆளில்லை.

"லீவு ஒரே நாள்தான்ப்பா" என்பார்கள். ஒரே நாள் என்பதற்காகவே இரண்டு இடத்தோடு நிறுத்தச் சொல்கிறேன். "வேன் வாடகை நாள் கணக்கு" என்பது அடுத்த வாதம். வாடகை வீணாகாமல் இருக்க மனிதர்களை வீணாக்குவார்களா? வெளிநாட்டிலும் இந்த நோய் இருக்கிறது. பத்து நாளில் எட்டு நாடு என்று பணம் கட்டிப் போய் வந்தவர்களிடம் பேசிப் பாருங்கள், பஸ்ஸின் கதையைத்தான் சொல்வார்கள். காலையில் வந்து மாலையில் ஓடுகிற கூட்டம் தாங்காமல் வெனிஸ் நகரம் 2024 ஏப்ரலிலிருந்து, கூட்டம் மிகும் நாட்களில் அப்படி வருகிறவர்களிடம் 5 யூரோ வாங்க ஆரம்பித்தது. இரவு தங்குகிறவர்களுக்கு அந்தக் கட்டணம் கிடையாது.

நம் பங்கும் இதில் உண்டு, நண்பர்களே. பிள்ளைகள் மனம் கோணக்கூடாது என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறோம். லிஸ்டை அடிக்க வேண்டியவர்கள் நாம்தான். முழங்காலைக் காரணம் காட்டுங்கள், டாக்டர் சொன்னார் என்று சொல்லுங்கள், ஏதோ ஒன்று.

வருகிற பொங்கலுக்கு என் வீட்டில் சொல்லிவிட்டேன். மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள் ஒகேனக்கல், அது மட்டும். திரும்பும்போது பாப்பாரப்பட்டி. அடுத்த நாள் சாவகாசமாக அகழ்வைப்பகமும் கோட்டைக் கோயிலும். மேட்டூரும் தீர்த்தமலையும் இந்த முறை கிடையாது. மருமகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். என் மனைவி மட்டும், மீன் வாங்கினால் குழம்புக்கு நம் வீட்டு மிளகாய்த்தூளையே எடுத்துப் போகலாமா என்று கேட்டாள்.