எந்தக் கணனியிலும் திறக்கும் படிவம்

புலம்பெயர்ந்து வாழும் நம்மவர்க்குப் படிவம் நிரப்புதல் புதிதன்று. பிறந்த திகதியில் ஓர் எண் மாறிவிட்டால் அதனைத் திருத்துவதற்கு எத்தனை அலுவலகங்களின் படியேற வேண்டும் என்பதை இப்பத்தியின் வாசகர்களுக்கு நாம் எடுத்துரைக்கத் தேவையில்லை. இப்பொழுதோ நாம் படிவம் நிரப்புவோராக மட்டுமன்றி, படிவம் ஆக்குவோராகவும் மாறியிருக்கின்றோம். தமிழ்ப் பாடசாலைகளும் பழைய மாணவர் சங்கங்களும் ஊர் ஒன்றியங்களும் எக்செல் விரிதாளிற் படிவமொன்றை ஆக்கி, மின்னஞ்சலில் அனுப்பி, நிரப்பித் தருமாறு கேட்கின்றன. ஆக்கியவரின் கணனியில் ஒழுங்காயிருந்த அப்படிவம், மென்பொருளின் வேறொரு பதிப்புள்ள வீட்டிலே திறக்கப்படும்போது என்னவாகின்றது? இவ்வாரம் நாம் பேச விரும்புவது அதுவே.

இது சிறு சங்கங்களின் சங்கடம் மட்டுமன்று. 2020 ஆம் ஆண்டு, கொரோனாத் தொற்றுக் காலத்தில், இங்கிலாந்தின் பொதுச் சுகாதார நிறுவனம் ஆய்வுகூடங்கள் அனுப்பிய பரிசோதனை முடிவுகளை எக்செலின் பழைய கோப்பு வடிவத்தில் ஏற்றிவந்தது. அவ்வடிவத்தில் ஒரு தாளுக்கு 65,536 நிரைகளே கொள்ளும். 2007 ஆம் ஆண்டுப் பதிப்போடு வந்த புதிய வடிவமோ 1,048,576 நிரைகள் கொள்ளும். ஒவ்வொரு நோயாளிக்கும் பல நிரைகள் தேவைப்பட்டமையால், ஏறத்தாழ 1,400 பேருடன் ஒரு கோப்பு நிரம்பிவிட்டது. மிகுந்தவை கவனிப்பாரின்றி விடுபட்டன. செப்டெம்பர் 25 முதல் ஒக்டோபர் 2 வரை 15,841 பேரின் விபரம் இவ்வாறு தவறிற்று. அவர்களுக்குத் தத்தம் முடிவு கிடைத்திருந்தது. அவர்களோடு பழகியோரைத் தேடி எச்சரிக்கும் பணிதான் பிந்தியது.

இதனைக் கேட்டதும் பழைய வடிவத்தை அறவே ஒதுக்குவோம் என்று சிலர் கூறுவர். நாம் அவ்வாறு கருதவில்லை. நிரப்புபவர் கையிற் செல்லும் படிவம் அவரிடமுள்ள பழைய மென்பொருளுக்கும் இசைய வேண்டும். வந்தவற்றைச் சேர்க்கும் பேரேடுதான் புதிய, இடமுள்ள வடிவத்தில் இருத்தல் வேண்டும். அத்தோடு, அனுப்பிய நிரைகள் எத்தனை, வந்து சேர்ந்தவை எத்தனை என்று இரு முனையிலும் எண்ணிப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் அந்த எண்ணிக்கை நாள்தோறும் ஒப்பிடப்பட்டிருந்தால், குறை முதல் நாளிலேயே வெளிப்பட்டிருக்கும்.

இனித் திகதிக்கு வருவோம். எக்செல் திகதியை ஓர் எண்ணாகவே வைத்திருக்கின்றது. விண்டோஸ் கணனிகளில் அவ்வெண் 1900 ஆம் ஆண்டிலிருந்து தொடங்கும். மக்கின்ரொஷ் கணனிகளின் பழைய பதிப்புகள் 1904 ஆம் ஆண்டிலிருந்து எண்ணின. இவ்விரு முறைகளுக்குமிடையே 1,462 நாள்கள் வேறுபாடு உண்டு. 1904 முறையிலான கோப்பிலிருந்து மற்றையதற்குத் திகதிகளைப் பிரதி செய்து ஒட்டினால், 2016 மே 10 இற் பிறந்த பிள்ளை 2012 மே 9 இற் பிறந்ததாகக் காட்டும். அரிச்சுவடி படிக்க வேண்டிய பிள்ளையின் பெயர் நான்கு வகுப்பு மேலே போய் நிற்கும். இது போதாதென்று, 03/04 என்பதை இலண்டனில் ஏப்ரல் 3 என்றும் அமெரிக்காவில் மார்ச் 4 என்றும் கொள்வர். ஜேர்மன் அமைப்பிலுள்ள எக்செலில் 12.5 என்று பணத்தொகையை எழுதினால், அது மே 12 ஆகிவிடும். ஆதலால் நாள், மாதம், ஆண்டு என மூன்று தனிக் கலங்களை வையுங்கள். வெறும் முழு எண்களை எந்தப் பதிப்பும் திரிப்பதில்லை.

சூத்திரங்களிலும் எளிமையே நன்று. எக்ஸ்லுக்கப் என்னும் புதிய சூத்திரத்தை 2016, 2019 பதிப்புகள் அறியா. கோப்பைத் திறந்ததும் முன்னைய விடையைக் காட்டி நம்மை ஏமாற்றும். மீளக் கணக்கிடும்போதுதான் பிழைக்குறி தோன்றும். பழைய வீலுக்கப் எங்கும் வேலை செய்யும். அழுத்தினால் தானே நிரம்பும் பொத்தான்கள் மீது நம் இளைஞர்களுக்குள்ள மோகத்தையும் இங்கு சொல்லியாக வேண்டும். அவற்றை இயக்கும் மக்ரோக்கள் கைத்தொலைபேசிச் செயலியில் இயங்கா. இணையம் வழியே வரும் கோப்புகளின் மக்ரோக்களை 2022 ஆம் ஆண்டு தொடக்கம் மைக்ரோசொவ்ற் நிறுவனமே தடுத்துவருகின்றது.

தமிழ்ப் பெயர்களுக்கு இன்னுமோர் இடர் உண்டு. பாமினி எழுத்துருவில் தட்டிய பெயர், அவ்வெழுத்துரு இல்லாத கணனியில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாய்ச் சிதறிக் கிடக்கும். பழைய அங்கத்தவர் பட்டியல்கள் பல இன்றும் அந்நிலையிலேயே உள்ளன. அவற்றை யுனிகோட்டுக்கு மாற்றிய பின்னரே புதிய படிவத்தோடு சேர்த்தல் வேண்டும்.

படிவத்தை எல்லோருக்கும் அனுப்பு முன், நிர்வாகக் குழுவினரில் எவர் வீட்டிலே மிகப் பழைய கணனி இருக்கின்றதோ அதிலும், ஒரு கைத்தொலைபேசியிலும் திறந்து பாருங்கள். ஒரு தமிழ்ப் பெயர், 31 ஆம் திகதியொன்று, பூச்சியத்தில் தொடங்கும் தொலைபேசி இலக்கம் ஆகிய மூன்றையும் நிரப்பித் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். முன்நின்ற பூச்சியம் மறைந்து வந்தால், அக்கலத்தை எண்ணாக அல்லாமல் எழுத்தாக அமைத்து மீண்டும் ஒருமுறை அனுப்பிப் பாருங்கள்.