கரிசல் காட்டில் லேப்டாப்: ஊரான் கணக்கும் அப்பா கணக்கும்

சிட்னியில் ஒரு நிதி ஆலோசகர் காலை 9 மணிக்கு அலுவலகத்தைத் திறக்கும்போது அருப்புக்கோட்டையில் விடிகாலை 4:30 (அங்கே கோடைகால நேரம் என்றால் 3:30). லண்டனில் 9 மணி என்றால் இங்கே மதியம் 2:30, அங்கே கோடையில் 1:30. ஆஸ்திரேலிய வேலை பார்க்கிறவர் மதியத்தோடு முடித்துவிட்டு வெயில் தாழக் காட்டுக்குப் போகலாம். லண்டன் வேலை பார்க்கிறவர் காலையில் களை எடுத்துவிட்டு வந்து உட்காரலாம். அப்புறம் எதற்குத் திருச்சுழிப் பிள்ளைகள் எல்லாம் சென்னைக்கும் பெங்களூருக்கும் மூட்டை கட்ட வேண்டும்?

அதென்ன வேலை? வாடிக்கையாளரிடம் பேசுவது ஆலோசகர். அவருடைய வரவு, கடன், காப்பீட்டு விவரங்களைத் திரட்டி, 20 வருடம் கழித்துக் கையில் எவ்வளவு நிற்கும் என்று கணக்குப் போட்டு, அறிக்கை தயாரிப்பது பின்னால் இருப்பவர். ‘பாராபிளானர்’ என்று பெயர். பி.காம். படித்தவர்கள் பழகிக்கொள்ளக் கூடிய வேலைதான்.

நடக்கிற காரியமா என்று கேட்பவர்கள் தென்காசியைப் பார்க்கலாம். ஸோஹோ நிறுவனம் 2011-லேயே அங்கே அலுவலகம் திறந்தது. 2019-ல் ஸ்ரீதர் வேம்பு மத்தளம்பாறைக்கே குடிவந்தார். பி.பி.ஓ. வேலையை வீட்டிலிருந்து பார்க்க இருந்த பல கட்டுப்பாடுகளை மத்திய தொலைத்தொடர்புத் துறை 2020 நவம்பரில் நீக்கியது.

ஆனால் தென்காசி வேறு, திருச்சுழி வேறு. அங்கே மலையும் அருவியும். இங்கே கரிசல், வறண்ட கம்மாய், சீமைக்கருவேலம். புரட்டாசியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழை ஏமாற்றினால் விதைக் காசும் உழவுக் காசும் போச்சு. வீட்டு நகை அடகுக் கடைக்குப் போகும். மாதம் பிறந்தால் வரும் ஒரு சம்பளம் அந்த நகையைக் காப்பாற்றும். அதே சம்பளம் “இனி நிலம் எதற்கு?” என்று கேட்கவும் வைக்கும். இரண்டு வருடம் உழாமல் விட்டால் போதும், கருவேலம் காட்டைப் பிடித்துக்கொள்ளும்.

வேடிக்கை என்னவென்றால், மெல்போர்ன்காரரின் ஓய்வுக்காலத்துக்குக் கணக்குப் போடுகிறவர் சொந்த அப்பாவின் கணக்கை ஒரு தடவைகூடப் போட்டிருக்க மாட்டார்! அவசரத் தேவைக்கு 3 முதல் 6 மாதச் செலவைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது பாடம். மானாவாரிக்காரருக்கு அது போதாது. ஒரு மழை பொய்த்தால் அடுத்த வெள்ளாமைக்கு முழுசாக ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்.

2016-ல் வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டில் உணவுப் பயிருக்கு விவசாயி கட்டுவது காரீப்பில் 2%, ராபியில் 1.5%; பருத்தி போன்ற பணப் பயிருக்கு 5% வரை. கடைசித் தேதியைத் தவறவிட்டால் ஒன்றுமில்லை. 2019-ல் வந்த சிறு, குறு விவசாயி ஓய்வூதியத் திட்டத்தில் 18 முதல் 40 வயதுக்குள் சேர்ந்தால் 60-க்குப் பிறகு மாதம் 3000 ரூபாய். அப்பாவுக்கு வயது தாண்டியிருக்கும். காட்டையே நம்பி இருக்கிற அண்ணனுக்கு?

பெரியவர்கள் ஒன்றும் தெரியாதவர்கள் இல்லை. பருத்திக்குள் உளுந்தும் துவரையும் ஊடுபயிராகப் போட்டு, தொழுவத்தில் நாலு ஆடு வளர்த்ததெல்லாம் என்ன? எல்லாக் காசையும் ஒரே இடத்தில் போடாதே என்று அறிக்கையில் எழுதுவதும் அதைத்தானே!

சிக்கல்களும் உண்டு. கரண்ட் போகும், நெட் படுத்தும். வாடிக்கையாளரின் வங்கி விவரம் உள்ள லேப்டாப் திண்ணையில் திறந்து கிடக்கக் கூடாது; பூட்டுகிற ஓர் அறை வேண்டும். “கிராமம்தானே, வாடகை இல்லையே” என்று சம்பளத்தைக் குறைக்கும் நிறுவனத்துக்குத் தலையாட்டவும் கூடாது. கூலி வேலைக்கு, விலாசத்துக்கு இல்லை.

படிப்பை முடிக்கப் போகிறவர்கள் யோசித்துப் பாருங்கள். ஊரில் இருந்தே ஊரான் கணக்கை எழுதலாம், தப்பில்லை. ஆனால் முதல் ஃபைல் அப்பா பெயரில் இருக்கட்டும்.